ஓதம் ஏறிய வீடுகள்

'ஓதம்' என்ற சொல்லைக் கேட்டவுடன் இலக்கியம் பயின்றவர்களுக்குக் கடல்தான் நினைவுக்கு வரும். அலைக்கும், கடல்நீரின் பெருக்குக்கும், சில இடங்களில் கடலுக்குமே அது பெயராக வழங்குகிறது. கட்டடத் தொழில் செய்யும் கொத்தனார்களிடம் பேசிப் பாருங்கள். அவர்களும் இதே சொல்லைத்தான் ஆளுகிறார்கள். "சுவரில் ஓதம் ஏறியிருக்கிறது" என்பார்கள். நிலத்தடி ஈரம் கடைக்காலின் வழியே மெல்ல மெல்ல மேலேறிச் சுவரை நனைப்பதற்கு இதைவிடப் பொருத்தமான சொல் வேறென்ன இருக்க முடியும்? கரையேறும் அலையைச் சுவரேறும் ஈரத்தில் கண்டவர் எவரோ, அவர் கவிஞராகத்தான் இருந்திருக்க வேண்டும்.

'வாடை' என்ற சொல்லுக்கும் இப்படி இரு முகங்கள் உண்டு. பழைய நூல்களில் அது வடக்கிலிருந்து வீசும் குளிர்காற்று. இன்றைய பேச்சில் அது மூக்குக்கு எட்டும் மணம். பெரும்பாலும் விரும்பத்தகாத மணம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், நெடுநாள் பூட்டிக் கிடந்த பூர்வீக வீடு ஒன்றைத் திறந்து உள்ளே செல்பவர்கள், இவ்விரு வாடைகளும் ஒன்றுகூடி நிற்பதை உணரலாம். ஈரமண், மக்கிய துணி, பழைய தாள் மூன்றும் கலந்தது போன்ற அந்த நெடியை நம்மில் அறியாதவர் குறைவு.

இந்த நெடியைப் போக்க இன்று நாம் என்ன செய்கிறோம்? ஊதுவத்தி ஏற்றுகிறோம், சாம்பிராணி போடுகிறோம், கடையில் விற்கும் நறுமணத் தெளிப்பான்களை வாங்கி அடிக்கிறோம். அடுத்த நாள் நெடி திரும்பி வந்துவிடுகிறது. நம் முன்னோரும் மழையோடும் ஓதத்தோடும் வாழ்ந்தவர்கள்தாமே! அவர்கள் இதனை எவ்வாறு எதிர்கொண்டார்கள்? இலக்கியத்திலும் கல்வெட்டிலும் இதற்கு ஏதேனும் தடயம் உண்டா? சற்றுத் தேடிப் பார்ப்போம்.

நக்கீரர் காட்டும் மழைக்கால வீடு

பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடை 188 அடிகளைக் கொண்டது. பாடியவர் நக்கீரர். தலைவனைப் பிரிந்த அரசியின் துயரையும் பாசறையில் இருக்கும் அரசனையும் பாடும் இந்நூலை, அதன் உரிப்பொருளுக்காகவே நாம் பெரும்பாலும் படிக்கிறோம். ஒருமுறை அதனை ஒரு வீட்டின் கதையாகப் படித்துப் பாருங்கள். வியப்பூட்டும் செய்திகள் கிடைக்கும்.

கூதிர்காலம். ஓயாத தூவானம். கோடையில் தென்றலை வரவேற்கத் திறந்து கிடந்த மேல்மாடத்துச் சாளரங்கள் இப்போது தாழிடப்பட்டுள்ளன. வேனிலில் கைகள் விட்டகலாத விசிறிகள் மடக்கப்பட்டு முளைகளில் தொங்குகின்றன. அவற்றின் மேல் சிலந்தி நூல் பின்னியிருக்கிறது. குளிர்ந்த நீரைப் பருகுவார் இல்லை. மாறாக, அகன்ற வாயை உடைய தடவு எனப்படும் நெருப்புச் சட்டியில் தணல் கனன்று கொண்டிருக்கிறது. மகளிர் குளிர்ந்த சந்தனத்தை விட்டுவிட்டு, அகிலையும் அயிரையும் நெருப்பிலிட்டுப் புகைக்கின்றனர்.

அதே நூலில், அரசியின் இருக்கை அமைந்த மாளிகையை வருணிக்கும் இடத்தில் நக்கீரர் சுவரையும் மறக்கவில்லை. வெள்ளியைப் போல ஒளிரும்படி சுதை பூசிய சுவர் அது. சுதை என்பது சுண்ணாம்புச் சாந்து.

அடைத்த சாளரம், கனலும் நெருப்பு, நறும்புகை, சுண்ணாம்புச் சுவர் ஆகிய நான்கும் ஒரே பாட்டில் இடம்பெறுகின்றன. புலவரின் நோக்கம் கட்டடக் கலையை விளக்குவது அன்று. குளிரையும் பிரிவையும் காட்டவே அவர் இவற்றைக் கையாளுகிறார். ஆயினும், மழைக்காலத்தில் அடைபட்ட ஒரு வீட்டின் உட்புறம் எப்படியிருந்தது என்பதற்கு இவ்வளவு நுணுக்கமான சித்திரம் நமக்குக் கிடைத்திருப்பது பெரும்பேறு. இந்நான்கில் நம் காலம் வரை நினைவில் நிலைத்தது புகை மட்டுமே. ஓதத்தைப் பொறுத்தவரை, நான்கிலும் உறுதியான காவலாக நின்றது சுவரில் இருந்த சுதை. அது எப்படி என்று அறிய, நெடி எங்கிருந்து பிறக்கிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

நெடியின் பிறப்பு

1964-ஆம் ஆண்டு பேர், தாமஸ் என்ற இரு ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள், காய்ந்த நிலத்தில் மழை விழுந்ததும் எழும் மணத்துக்குப் 'பெட்ரிக்கார்' என்று பெயரிட்டனர். அந்த மண்வாசத்துக்குக் காரணமான பொருள்களுள் முதன்மையான ஒன்று மறு ஆண்டே பிரித்தறியப்பட்டு 'ஜியோஸ்மின்' எனப் பெயர் பெற்றது. மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிர்கள் அதனை உண்டாக்குகின்றன. இலட்சம் கோடிப் பங்கில் ஒரு சில பங்கு இருந்தாலே மனித மூக்கு அதனை அறிந்துகொள்ளும்.

முதல் மழையில் நாம் நெஞ்சு நிறைய இழுத்து மகிழும் மண்வாசத்தின் அதே பொருள், ஓதம் ஏறிய அறையின் நெடியிலும் கலந்திருக்கிறது. அதனோடு, ஈரச் சுவரிலும் மரத்திலும் துணியிலும் தழைக்கும் பூசணம் வெளியிடும் வேறு பல வளிகளும் சேரும்போது, முற்றத்தில் இனித்தது அறைக்குள் முகம் சுளிக்க வைக்கிறது.

பூசணத்தின் விதைத்துகள்கள் காற்றில் எங்கும் மிதப்பவை. அவற்றை முற்றிலும் அழிப்பது எவராலும் இயலாது. அவை முளைத்துத் தழைக்க ஈரம் வேண்டும். அறைக் காற்றின் ஈரப்பதம் 60 விழுக்காட்டுக்குக் கீழே இருந்து, சுவரும் உலர்ந்திருந்தால் பூசணம் தழைப்பது அரிது. ஆகவே நெடியைப் போக்குவது என்பது ஈரத்தைப் போக்குவதே. புகை நெடியைச் சிறிது நேரம் மறைக்கும், சுவரை உலர்த்தாது. நெடுநல்வாடையின் தணல் குளிருக்காக மூட்டப்பட்டதே எனினும், அதன் வெப்பம் அறையையும் ஓரளவு உலர்த்தியிருக்கும். நாமோ தணலை விட்டுவிட்டுப் புகையை மட்டும் வைத்துக் கொண்டிருக்கிறோம்.

இது வெறும் மூக்கின் வசதியைப் பற்றிய பேச்சும் அன்று. உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டு வீடுகளின் ஈரத்தையும் பூசணத்தையும் பற்றித் தனியாகவே ஒரு வழிகாட்டு நூலை வெளியிட்டது. ஈரமும் பூசணமும் மிகுந்த வீடுகளில் வாழ்வோருக்கு ஆஸ்துமாவும் பிற மூச்சுக் கோளாறுகளும் கூடுதலாகக் காணப்படுகின்றன என்பது அதன் முடிவு. பூர்வீக வீடுகளில் இன்று தங்கியிருப்பவர்கள் பெரும்பாலும் முதியோர் என்பதை இத்துடன் சேர்த்து எண்ணிப் பாருங்கள். மூச்சுக் கோளாறு உடைய பெரியவர் ஒருவரின் அடைத்த அறையில், நெடியை மறைப்பதற்காக நாம் சாம்பிராணிப் புகையையும் சேர்த்து நிரப்புகிறோம்!

சாந்து பூசும் உரிமை

இனிச் சுதைக்கு வருவோம். சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் ஏறத்தாழ 900 பாகை வெப்பத்தில் சுட்டால் அதிலுள்ள கரியமில வளி வெளியேறும். எஞ்சியதை நீரிட்டு நீற்றினால் சாந்துக்குரிய சுண்ணாம்பு கிடைக்கும். சுவரில் பூசப்பட்ட பிறகு அது காற்றிலிருந்து அதே வளியை மீண்டும் சிறிது சிறிதாக உட்கொண்டு கல்லாக இறுகுகிறது. இறுகிய பின்னும் அதில் நுண்துளைகள் இருக்கும். சுவருக்குள் ஏறிய ஈரம் அத்துளைகளின் வழியே ஆவியாகி வெளியேறிவிடும். புதிதாகப் பூசிய சுண்ணாம்பின் காரத்தன்மையோ மிகக் கடுமையானது. பூசணம் அதில் வேர்கொள்ள இயலாது. ஈரத்துக்கு வழிவிடுதல், பூசணத்துக்கு இடம் மறுத்தல் என்ற இரண்டு பணிகளையும் ஒரே பொருள் செய்கிறது.

இத்தகைய சாந்தைத் தன் வீட்டுச் சுவரில் பூசிக்கொள்ளும் உரிமை எல்லோருக்கும் இருந்ததா? இங்கேதான் கல்வெட்டுகள் நம்மைத் திடுக்கிட வைக்கின்றன.

பல்லவர், சோழர் காலச் செப்பேடுகளில் பிரமதேயமாக ஊரைக் கொடுக்கும்போது உடன் அளிக்கப்படும் உரிமைகள் நீண்ட பட்டியலாக இருக்கும். சுட்ட செங்கல்லால் மாட மாளிகை எடுத்துக்கொள்ளலாம் என்பது அவற்றுள் ஒன்று. செங்கல் வீடு என்பது பணம் இருந்தால் மட்டும் கட்டிவிடக் கூடியதாக இருக்கவில்லை. அரசனின் அனுமதியும் தேவைப்பட்டிருக்கிறது என்பதை இதிலிருந்து உய்த்துணரலாம்.

இதைவிடத் தெளிவான சான்று கொங்கு நாட்டில் கிடைக்கிறது. கோனேரின்மை கொண்டான் என்ற பெயரில் வெளியான அரசாணை ஒன்று, வெங்கால நாட்டுக் கம்மாளர்களுக்குச் சில உரிமைகளை வழங்குகிறது. தங்கள் வீட்டு நன்மை தீமைகளுக்கு இரட்டைச் சங்கு ஊதலாம், பேரிகை கொட்டலாம், வெளியே செல்லும்போது காலில் செருப்பு அணியலாம், தங்கள் வீட்டுச் சுவர்களுக்குச் சாந்து இட்டுக்கொள்ளலாம் என்பன அவை.

கம்மாளர் யார்? கல்லையும் மரத்தையும் பொன்னையும் இரும்பையும் ஆண்டவர்கள். கோயில்களை எழுப்பியவர்களும் அவர்களுள் அடங்குவர். பிறருக்காகச் சுதை வேலை நடக்கும் இடங்களிலெல்லாம் நின்றவர்கள், தம் வீட்டுச் சுவரில் ஒரு கரண்டி சாந்து பூச அரசாணை வேண்டியிருந்தது! சங்கும் பேரிகையும் பெருமைக்கு உரியவை என்று கொள்ளலாம். செருப்பும் சாந்தும் அப்படியல்ல. ஒன்று காலைக் காப்பது. மற்றொன்று சுவரையும் அதனுள் வாழ்பவரின் மூச்சையும் காப்பது. இந்த ஆணையைப் பெறுமுன் எத்தனை தலைமுறைகள் ஓதம் ஏறிய பூச்சற்ற சுவர்களுக்குள் மழைக்காலத்தைக் கழித்திருக்கும்? ஆணையே பெறாத மக்கள் எத்தனை பேர்? பழைய வீட்டு நெடியின் வரலாற்றை எழுதப் புகுவோர் இக்கல்வெட்டைத் தாண்டிச் செல்லுதல் தகாது. நெடியற்ற வீடு நெடுங்காலம் ஒரு சலுகையாகவே இருந்திருக்கிறது.

செட்டிநாட்டின் வளவுகள்

சுண்ணாம்புக் கலை தமிழகத்தில் அடைந்த உயரத்துக்குச் 'சென்னைச் சுண்ணம்' சான்று. கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொண்டு செய்து பளிங்கு போல மெருகேற்றிய அப்பூச்சைப் பதினெட்டாம் நூற்றாண்டில் இங்கு வந்த ஐரோப்பியர்கள் வியந்து எழுதினார்கள். அதே கலையின் செழுமையைச் செட்டிநாட்டு வீடுகளில் இன்றும் தொட்டுப் பார்க்கலாம்.

1852-இல் கீழைப் பர்மா ஆங்கிலேயர் வசமானதும், நகரத்தார் அங்கே கொண்டுவிற்கச் சென்றனர். அவ்வணிகத்தில் ஈட்டிய செல்வம் காரைக்குடியையும் அதைச் சூழ்ந்த ஊர்களையும் மாளிகைகளால் நிறைத்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் 1940-கள் வரை எழுந்த இவ்வீடுகளுக்குப் பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கற்களும் புகழ் சேர்த்தன. வருகின்றவர்கள் தூண்களையும் கதவுகளையும் படம் பிடித்துச் செல்கிறார்கள். ஓதத்துக்கு எதிராக இவ்வீடுகள் எவ்வாறு திட்டமிடப்பட்டன என்பதைக் கவனிப்போர் சிலரே.

முதலாவது, உயரம். தெருவிலிருந்து பல படிகள் ஏறித்தான் திண்ணையை அடைய முடியும். இரண்டாவது, காற்று. முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, மூன்றாம் கட்டு என்று நீளும் இவ்வீடுகளில் வாசற்கதவிலிருந்து பின்கட்டுக் கதவு வரை எல்லாக் கதவுகளும் ஒரே நேர்கோட்டில் அமைந்திருக்கும். இடையிடையே வானம் பார்த்த முற்றங்கள். வெப்பக் காற்று முற்றத்தின் வழியே மேலேற, புதுக்காற்று கதவுகளின் வழியே உள்ளே வரும். மூன்றாவது, நீர். நாற்புறக் கூரையிலிருந்தும் முற்றத்தில் விழும் மழைநீர் தேங்காமல் வெளியேறவோ, அண்டாக்களில் சேகரிக்கப்படவோ வழி இருந்தது. நான்காவது, சாந்து. கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீரில் குழைத்து, கடைசிப் பூச்சுக்கு முட்டையின் வெண்கருவும் சேர்த்து, பல அடுக்குகளாகப் பூசித் தேய்த்த சுவர்கள். நூறாண்டு கடந்தும் அவற்றுள் பல கண்ணாடி போல மின்னுகின்றன.

இவ்வளவும் இருந்தும், நாம் அப்பகுதியில் சுற்றியபோது நுழைந்த வீடுகளுள் சில, கதவு திறந்த கணமே நெடியால் நம்மை எதிர்கொண்டன. அவ்வீடுகளுக்கு அருகிலேயே, ஒரு முதிய இணையர் மட்டும் குடியிருக்கும் வீடு ஒன்றில் அந்த நெடி சிறிதும் இல்லை. இரண்டும் ஒரே காலத்தவை. ஒரே வகைச் சாந்து பூசியவை. வேறுபாடு ஒன்றே ஒன்று. இந்த வீட்டின் கதவுகள் நாள்தோறும் காலையில் திறக்கப்படுகின்றன.

1942-இல் சப்பானியர் பர்மாவைக் கைப்பற்றியதும் செட்டிநாட்டின் செல்வ ஊற்று அடைபட்டது. 1960-களில் பர்மிய அரசு மேற்கொண்ட நாட்டுடைமை ஆக்கம் எஞ்சியதையும் முடித்து வைத்தது. அடுத்த தலைமுறையினர் சென்னைக்கும் வெளிநாடுகளுக்கும் சென்றனர். ஒரே வீட்டுக்குப் பங்காளிகள் பலர் உரிமையாளர்கள். திருமணத்துக்கோ படைப்புக்கோ கூடும்போது திறக்கப்படும் வீடு, பிறகு மறுபடியும் பூட்டப்படுகிறது. காற்றை நம்பிக் கட்டிய வீட்டைப் பூட்டி வைத்தால் முற்றமும் நேர்கோட்டுக் கதவுகளும் என்ன செய்யும்? யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னங்களுக்கான தற்காலிகப் பட்டியலில் 2014-ஆம் ஆண்டு செட்டிநாட்டு ஊர்களின் தொகுதி இடம்பெற்றது நமக்குப் பெருமையே. ஆனால் பட்டியல் எதுவும் காலையில் எழுந்து கதவைத் திறந்து வைக்காதே!

சிமெண்ட்டும் சாலையும்

பூட்டப்படாத பழைய வீடுகளுக்கும் இரண்டு பகைகள் உண்டு. முதலாவது சிமெண்ட். இங்கிலாந்தில் 1824-இல் காப்புரிமை பெற்ற போர்ட்லண்டு சிமெண்ட், இந்தியாவில் 1904-இல் சென்னையில் முயன்று பார்க்கப்பட்டு, 1914-இல் போர்பந்தரில் நிலைபெற்றது. புதுக் கட்டடங்களுக்கு அது பெருந்துணை என்பதில் ஐயமில்லை. பழைய செங்கல் சுண்ணாம்புச் சுவரின் மேல் அதைப் பூசும்போதுதான் சிக்கல். கீழிருந்து ஏறும் ஓதம் சிமெண்ட் பூச்சினூடே எளிதில் வெளியேற இயலாமல் சுவருக்குள்ளேயே தங்குகிறது. இன்னும் மேலே ஏறுகிறது. அதன் மேல் நெகிழிச் சாயமும் அடித்துவிட்டால் கேட்கவே வேண்டாம். சாயம் கொப்புளித்து உரிகிறது, உப்புப் பூக்கிறது, நெடி நிலைத்துவிடுகிறது. வீட்டுக்காரர் இன்னும் கெட்டியாகச் சிமெண்ட் பூசுகிறார்!

இரண்டாவது பகை தெருவில் இருக்கிறது. பழைய சாலையைச் சுரண்டாமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் தார் போட்டதில், ஒரு காலத்தில் படியேறிச் சென்ற வீடுகள் பல இன்று படியிறங்கிச் செல்லும் வீடுகளாகிவிட்டன. தெருநீர் திண்ணையடியில் தேங்குகிறது. பழைய தளத்தைச் சுரண்டிவிட்டே புதுச்சாலை இட வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டு தமிழக அரசின் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். அது உங்கள் தெருவில் கடைப்பிடிக்கப்படுகிறதா என்பதைக் கவனிப்பதும் வீட்டைக் காக்கும் வேலைதான்.

தை பிறக்கும் முன்

தமிழகத்தின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியைத் தருவது வடகிழக்குப் பருவமழை. அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் அது ஓய்கிறது. அடுத்து வருவது என்ன? போகி. வீட்டிலுள்ள பொருள்கள் அனைத்தையும் வெளியே எடுத்து வெயிலில் வைக்கிறோம். மக்கிய பாயையும் துணியையும் கழிக்கிறோம். சுவரை ஒட்டடை அடித்துச் சுண்ணாம்பு பூசுகிறோம். மழை முடிந்து, ஓதம் மூன்று மாதம் ஊறி, பூசணம் தழைத்திருக்கும் அதே காலத்தில், இளவெயில் திரும்பியவுடன் இத்தனையும் நடக்கின்றன. காற்றோடு கலந்து இறுகிய பழைய சுண்ணாம்பு தன் காரத்தை இழந்திருக்கும். புதிய வெள்ளைப் பூச்சு அதனை மீட்டுத் தருகிறது. ஆண்டுதோறும் வெள்ளையடிப்பது அழகுக்காக மட்டும் ஏற்பட்ட வழக்கம் அன்று என்றே நாம் கருதுகிறோம்.

ஆகவே, பழைய வீட்டின் நெடியைப் போக்க விரும்புவோர் செய்ய வேண்டியவற்றை இப்படி வரிசைப்படுத்தலாம். முதலில் நீர் வரும் வழியைக் கண்டறியுங்கள். உடைந்த ஓடு, அடைபட்ட தூம்பு, முற்றத்து வடிகால், சுவரையொட்டி மேடேறிய மண் ஆகியவற்றைச் சரிசெய்யாமல் வேறெதுவும் பயன் தராது. அடுத்து, ஓதம் ஏறிய சுவரில் நெகிழிச் சாயமும் சிமெண்ட் பூச்சும் இருந்தால், சுண்ணாம்பு வேலை அறிந்த கொத்தனாரைக் கொண்டு அவற்றைக் கொத்தி எடுத்துவிட்டு, சுவர் உலரச் சில மாதங்கள் விட்டு, சுண்ணாம்புச் சாந்தே பூசுங்கள். பூசணத்தைச் சுரண்டுவோர் மூக்கையும் வாயையும் கவசத்தால் மூடிக்கொள்வது இன்றியமையாதது. உலர்ந்த நாள்களில் எதிரெதிர்க் கதவுகளைத் திறந்து வையுங்கள். அடைமழை நாளில் திறந்தால் ஈரக்காற்றுதான் உள்ளே வரும். பெட்டி, பேழை, அலமாரி எதையும் சுவரோடு ஒட்டி வைக்காமல் ஒரு சாண் விலக்கி வையுங்கள். மெத்தை, துணி, ஏடு, புத்தகம் ஆகியவற்றை ஆண்டுக்கு ஒருமுறையேனும் வெளியே எடுத்து உலர்த்துங்கள். புத்தகங்களுக்கு நிழற்காற்றே போதும். கடும் வெயில் தாளைக் கெடுக்கும்.

பூட்டிய வீட்டுக்குத் தொலைவில் இருப்பவர்கள், பங்காளிகள் கூடிப் பேசி, ஊரிலுள்ள ஒருவரிடம் திறவுகோலைக் கொடுத்து, வாரம் இருமுறை கதவுகளைத் திறந்து மூட ஏற்பாடு செய்யலாம். அதற்கு ஆகும் செலவு, தேக்கு உத்தரம் ஒன்று மக்கிப் போனால் ஆகும் செலவை நோக்க மிகச் சிறிது. சுண்ணாம்பு நீற்றவும் சாந்து அரைக்கவும் அறிந்த முதிய கொத்தனார்கள் உங்கள் ஊரில் இருந்தால், வரும் தை பிறக்கும் முன் அவர்களைத் தேடிச் சென்று, கலவையின் அளவுகளையும் பூசும் முறையையும் கேட்டுக் குறித்து வையுங்கள். அக்கைப்பழக்கத்தின் பெரும்பகுதி இன்னும் எழுத்தில் ஏறவில்லை.